புதன்கிழமைக் குழாய்

ஒளிரக் கூடாத குழாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு சோதனைக் குழாய்களில் கடைசி அது. ஆய்வாளர் செர்வா அதில் மட்டும் டிஎன்ஏ விடவில்லை. உடைத்த பாக்டீரியாவின் சாறும் உப்பும் தண்ணீரும்தான். உயிரணு இல்லாமலே புரதம் செய்துவிடும் சாறுதான் என்றாலும், பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செய் என்று சொல்ல டிஎன்ஏ இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வெற்றுக் குழாய். நீல விளக்கின் கீழ் மற்ற பதினொன்றும் இன்னும் இருட்டாகவே இருக்க, இது மட்டும் பச்சையாக மினுங்கியது.

கூட வேலை பார்க்கும் நியார்கோ எட்டிப் பார்த்துச் சிரித்தார். "க்வாகு திருட்டுத்தனமா எதையோ தின்னுட்டான் போல! பிளீச்சை ஊத்திக் கொட்டிட்டு மறுபடி செய், அம்மாடி. நான் சாப்பிட்டு வந்துடறேன்."

புதன்கிழமை செய்த குழாய்க்கெல்லாம் மூடியில் க்வாகு என்று எழுதுவது கானாவின் குமாசி நகரத்து அந்த ஆய்வகத்தில் பழைய கேலி. அங்கே புதனில் பிறந்த ஆண்பிள்ளைக்கு அதுதான் பெயர். காலையில் செர்வாவும் யோசிக்காமல் பன்னிரண்டிலும் எழுதிவிட்டாள். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது.

அவள் பிள்ளையும் புதன்கிழமைதான் பிறந்தான். ஆறு நாள் இருந்தான். அந்த ஊர் வழக்கில், எட்டாம் நாள் பெயர் வைக்கும்வரை குழந்தை வெறும் விருந்தாளி. அதற்குள் போய்விட்டால் அழக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. துக்கமில்லை என்று காட்ட, மாமியார் அவளுக்கு அங்கே மகிழ்ச்சியின் நிறமான வெள்ளையை உடுத்திவிட்டு, விருந்துக்கு வைப்பதுபோல நிலக்கடலைக் குழம்பை முன்னால் வைத்தாள். "கூப்பிட்டா வந்துருவான்டி. வந்தா, இன்னொண்ணை உன் வயித்துல தங்க விடமாட்டான்." செர்வா சாப்பிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மூன்றாம் வாரமே வேலைக்குத் திரும்பினாள். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, அது வசதியாகவும் இருந்தது.

பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் தூசி ஜன்னலில் படிந்து நடுப்பகலையே பழுப்பாக்கியிருக்க, குளிர்பெட்டி விட்டுவிட்டு முனக, பிளீச்சின் காட்டமான நெடிக்கு அடியிலிருந்து ஷியா வெண்ணெய் தேய்த்த பச்சிளம் உச்சந்தலையின் வாசம் மெல்ல எழுந்து வந்தது. பிரமைதான் என்று சொல்லிக்கொண்டாள். பிளீச் புட்டியைத் திறந்தாள். குழாயை எடுத்தாள்.

உடம்புச் சூடு.

உள்ளே திரவம் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அவள் மூச்சோடு அல்ல, அதைவிட வேகமாக. ஆய்வகக் கோட்டின் முன்புறம் ஈரமாவது தெரிந்தது. நின்றுபோன பால்.

கொட்டிவிடு. இப்போதே. ஒரு சொட்டு பிளீச் போதும்.

கை அசையவில்லை. இத்தனை நாள் எங்கே இருந்ததோ, ஆசை முழுவதும் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது. இன்னொரு பிள்ளை வேண்டாம். எதுவும் வேண்டாம். இவன் வேண்டும்.

"க்வாகு," என்றாள்.

டக். கையிலிருந்த குழாயின் மூடி திறந்தது.

டக்.

அது மற்ற குழாய்கள் இருந்த தட்டிலிருந்து வந்தது. டக். டக். அவள் திரும்பினாள். வரிசையாகத் திறந்துகொண்டிருந்தன. எல்லாம் பச்சை.

பன்னிரண்டு சின்ன வாய்கள், அவள் நனைந்த மார்பின் பக்கம் சாய்ந்து, காற்றைச் சப்பத் தொடங்கின.