பீரோ மேலிருந்த படம்

காலை 11.20. நல்லம்பள்ளி, காவியாவின் வீடு.

பிஸ்கட் டின் பீரோவின் மேல் இருந்தது. மூடியும் இறுக்கமாக மூடியிருந்தது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைத்தான் காணோம்.

காவியா டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள். பிஸ்கட் தூள் விழுந்தது. அவளுடைய மூன்று வருடப் படிப்பு விழவில்லை.

தருமபுரிக் கல்லூரி ஒன்றில் திரைப்படக் கலை, இளங்கலை மூன்றாம் ஆண்டு. இறுதித் தேர்வென்பது பதினெட்டு நிமிடப் படம் ஒன்று. அதன் ஒரே பிரதி அந்த டிஸ்க்கில்தான்; அது டின்னில் இருப்பது படக்குழு முழுக்கத் தெரியும். இன்று மாலை நான்கு மணிக்குள் துறையில் ஒப்படைக்க வேண்டும். படம் பிடித்த கார்டுகளை அடுத்த குழுவுக்காக அழித்தாயிற்று. எடிட்டிங் கணினியில் இப்போது வேறொருவர் படம். இன்னொரு பிரதி எடுத்து வை என்று ஹீனா நூறு தடவை சொல்லியிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று காவியா நூறு தடவை பதில் சொல்லியிருந்தாள்.

படம் போகாவிட்டால் காவியா ஃபெயில். ஃபெயிலானால் படிப்பை நிறுத்திவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. சொந்தத்தில் மாப்பிள்ளையும் தயார்.

"அழுவாத. எதையும் தொடாத," என்றாள் ஹீனா.

"நான் எங்கடி அழுவறேன்? கோவத்துல கண்ணு எரியுது. எடுத்தவன் மட்டும் கெடைக்கட்டும்!"

ஹீனா தருமபுரித் தையல்காரர் மகள். படத்தில் அவளுக்குக் கன்டினியூட்டி வேலை. ஒரு ஷாட்டில் தோளில் கிடந்த துண்டு அடுத்த ஷாட்டில் மடியில் கிடக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். வகுப்பில் அவளை 'நோட்டு' என்றே கூப்பிடுவார்கள். கேலி செய்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அவளுடைய நோட்டைக் கேட்டு வந்தவர்கள்தான்.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நடுவில், வாசலைப் பார்த்தபடி மர நாற்காலி. அதன் இடது கையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. கட்டிலின் மேல் மடித்த துணிகள். பீரோ எதிர் மூலையில். ஹீனா குனிந்து நாற்காலியின் கீழே பார்த்தாள். ஒரு பின்னங்காலின் அடியில் நாலாக மடித்த அட்டை செருகியிருந்தது. அதையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"என்னடி அது?"

"திருடன் ரொம்ப ஒழுங்கானவன்டி," என்றாள் ஹீனா.

11.35. காவியாவின் அம்மா நிர்மலாதேவி ரேஷன் பையோடு வந்தார். விஷயம் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க பத்து மணிக்கு ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கப் போனோம். நீங்க எப்பங்க போனீங்க?" என்றாள் ஹீனா.

"உங்க பின்னாடியேதான் கண்ணு. பூட்டிச் சாவிய மீட்டர் பொட்டியில வெச்சேன்."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"படம் எடுத்த நாலு நாளும் எல்லாரும் அதத்தான தொறந்து பூட்டுனீங்க!"

"இந்த நாற்காலிய நீங்க இங்க போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடறேன்? காலையில கூட்டிட்டு செவுத்தோரமாத் தள்ளுனேன். மேல துணி மடிச்சு வெச்சிருந்தேன். துண்டையும் அட்டையையும் ஜன்னல்ல வெச்சேன். இதெல்லாம் காவியா வேலைன்னு நெனச்சேன்."

"நானில்லம்மா," என்றாள் காவியா.

11.50. ஒளிப்பதிவாளன் அருண்குமார் ஓடி வந்தான். வகுப்புத் தோழன். ஆறடிக்கு மேல் உயரம். வந்த வேகத்தில், நின்ற இடத்திலிருந்தே பீரோவின் மேல் கையை விட்டு மூலை வரைக்கும் துழாவினான்.

"பத்தரைக்கு நீ இங்க வந்தியாமே? எதிர் வூட்டுல பாத்திருக்காங்க," என்றாள் காவியா.

"கேமரா ட்ரைபாட் எடுக்க வந்தேன். வாசல்லயே சாத்தி இருந்துச்சு. எடுத்துட்டுப் போய் டீ குடிச்சேன்."

"உள்ள வரலியா?"

"வரல."

"கதைன்னு டைட்டில்ல உன் பேரும் வரணும்னு போன வாரம் சண்டை போட்டியே."

அருண்குமார் முகம் சிவந்தது. "சண்டை போட்டேன். இப்பவும் போடுவேன். அதுக்காக நானே எடுத்த படத்த நானே திருடுவேனா?"

காவியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தேகம் வந்துவிட்டால் நட்பு என்ன, மூன்று வருடப் பழக்கம் என்ன.

12.15. ஸ்கூட்டர் சத்தம். நிர்மலாதேவியின் தம்பி மாதவராஜ். படத்தில் அப்பா வேடம் அவருக்குத்தான். ஒரே காட்சிக்கு இருபத்திரண்டு டேக் வாங்கினாலும் சலிக்காமல் நடித்தவர். மீசையை மட்டும் ஒவ்வொரு டேக்குக்கும் சீவிக்கொள்வார்.

"அக்கா போன் பண்ணுச்சு. காலையில இருந்து மஞ்சக் காட்டுல தண்ணி பாய்ச்சிட்டு இருந்தேன், இந்தப் பக்கமே வரல. இல்லாட்டி ஒருத்தன உள்ள வுட்டிருப்பனா?" என்றவர் அருண்குமாரை ஏற இறங்கப் பார்த்தார். "வெளியாளுங்கள வூட்டுக்குள்ள சேத்தா இப்படித்தான் கண்ணு. வுடு. போனது போச்சு. படிப்பே வாழ்க்கையில்ல."

காவியா நிமிர்ந்தாள். "யாரு சொன்னா போச்சுன்னு?"

ஹீனா நடுவில் புகுந்தாள். "மாமா, முழுப் படம் இல்லாட்டியும் ஒரு சீனாவது காட்டி டைம் கேக்கலாம்னு இருக்கோம். நீங்க இருபத்திரண்டு டேக் நடிச்ச அந்தச் சண்டை சீன். போன்லயே எடுத்துக்கறேன். ஒரு டேக் நடிச்சுக் குடுக்கறீங்களா?"

மாதவராஜ் தயங்கினார். ஆனால் கை தானாக மீசைக்குப் போய்விட்டது.

12.30. ஹீனா அட்டையை உருவி ஜன்னலில் வைத்தாள். மாதவராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே காவியா.

"ஆக்‌ஷன்!"

மாதவராஜ் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. துண்டைத் தோளில் வீசினார். "படிச்சது போதும்! உள்ள போ!"

"போக மாட்டேன்," என்றாள் காவியா. இந்த முறை அதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை.

"கட்!" என்ற ஹீனா, வேறொன்றும் சொல்லாமல் நின்றாள்.

மாதவராஜ் நாற்காலியை இழுத்து வாசலைப் பார்க்க வைத்தார். துண்டை அதன் இடது கையில் போட்டார். ஜன்னலுக்குப் போய் அட்டையை எடுத்து வந்தார். குனிந்து பின்னங்காலின் அடியில் செருகினார். நிமிர்ந்தபோது நான்கு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிஸ்க்கக் குடுங்க மாமா," என்றாள் ஹீனா.

"எ... எந்த டிஸ்க்கு?"

"ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் 'ஃபர்ஸ்ட் பொசிஷன்'னு நான் கத்துவேன். நாற்காலி, துண்டு, அட்டை மூணையும் நீங்கதான் பழையபடி வைக்கணும். இருபத்திரண்டு தடவை வெச்சீங்க. இன்னிக்கு டின்ன எடுக்க இந்த நாற்காலி மேல ஏறினீங்க. எறங்கினதும் பதட்டத்துல, எது எங்க இருந்துச்சுன்னு யோசிக்கல. கை பழகினதச் செஞ்சிடுச்சு."

"இதெல்லாம் அந்தப் பையனும் பாத்தவன்தான!"

"அருணுக்கு நாற்காலியே வேண்டாம். தரையில நின்னே பீரோ மேல துழாவினான். அட்டை அவனுக்குத் தெரியவே தெரியாது. கேமரா ஃப்ரேம் முழங்காலுக்கு மேலதான். கீழ நாற்காலி ஆடி சத்தம் வருதுன்னு அட்டை வெச்சது நானும் நீங்களும். யாரும் உக்காராத நாற்காலி ஆடாம இருக்கணும்னு எந்தத் திருடன் கவலைப்படுவான்? நான் காவியாகூட பிரிண்ட் கடையில இருந்தேன். காட்ட வுட்டு நகரலைன்னு சொன்ன நீங்க, காலையில செவுத்தோரம் கெடந்த நாற்காலிய நடுவுல கொண்டுவந்து போட்டிருக்கீங்க."

அருண்குமார் பெருமூச்சு விட்டான். காவியா அவனிடம், "மன்னிச்சுடுடா. கதையில உன் பேரும் வரும்," என்றாள்.

நிர்மலாதேவி எழுந்து தம்பியின் முன்னால் வந்து நின்றார். "முனிராஜுக்காகவா?"

அந்தச் சொந்தத்து மாப்பிள்ளை முனிராஜ், மாதவராஜின் மகன்.

"ஆமாக்கா! நீதான சொன்ன, இந்த வருஷம் பாஸாகலைன்னா எம் பையனுக்குன்னு!"

"ஃபெயிலாக்கிக் கூட்டிட்டுப் போன்னு சொன்னனா?" நிர்மலாதேவி அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து, வாசலில் போய் வண்டியைத் திறந்தார். சீட்டுக்கு அடியில், உர மூட்டைச் சாக்கில் சுற்றி டிஸ்க் இருந்தது.

"அதக் கொண்டுபோய்க் குடுத்தா, படத்துல கத்துனவன்தான் நெசத்துலயும் படிப்பக் கெடுக்கப் பாத்தான்னு ஊரே எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கும்!" என்று மாதவராஜ் கத்தினார்.

"சிரிக்கட்டும் மாமா," என்றாள் காவியா. "உங்க பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன். எடுக்கவே மாட்டேன். ஊர் நடுவுல திரை கட்டிப் போடுவேன். உங்களுக்கு முன் வரிசை."

1.10. நிர்மலாதேவி தம்பியை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லி வீட்டைப் பூட்டினார். சாவியை மீட்டர் பெட்டியில் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நீ எங்கம்மா?" என்றாள் காவியா.

நிர்மலாதேவி அவர்களோடு நடந்து டவுன் பஸ்ஸில் ஏறி, மகளுக்கும் ஹீனாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. அருண்குமார் படிக்கட்டில் நின்றான்.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா போவணும்?"

மகள் வாயைத் திறப்பதற்குள் நிர்மலாதேவி சொன்னார்: "காலேஜுக்கு."