பன்னிரண்டாம் எண் பாட்டில்

இருபது வருடம் ஓடிவிட்டது… ஆனாலும் அந்தச் சண்டையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் முகம் சிவந்துவிடுகிறது.

"பொய் சொல்றீங்க! நீங்க அதைக் குடிக்கவே இல்லை!"

லேப் வாசலில், பத்துப் பேர் முன்னால் கத்தினாள். எதிரே நின்றவன் பஸ் டிரைவர். அவள் நடத்திய சோதனைக்குத் தானாக வந்தவன். சீனித்துளசி என்ற இனிப்பு இலையின் சாற்றைக் குடித்துவிட்டு, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துத் தரவேண்டும். குடலில் இருக்கும் கிருமிகள் அந்த இனிப்பை உடைக்கும். உடைந்து வருவதை ஈரல் சிறுநீரில் அனுப்பிவிடும். எல்லார் பாட்டிலிலும் அது இருந்தது. இவனுடைய பன்னிரண்டாம் எண் பாட்டிலில் மட்டும் துளிகூட இல்லை.

"சாப்பாட்டுப் பையில பாட்டிலை வச்சுக்கிட்டு நாள் பூரா பஸ் ஓட்டினேன் மேடம்… மானமே போச்சு. இப்ப பொய்யன்னு பேரு வேறயா?"

அந்தக் கண்கள்… "கசந்தா உங்களைப் பார்த்துக்கிட்டே குடிச்சிடறேன்" என்று முதல் நாள் சிரித்த கண்கள். அன்றிலிருந்து அவள் மனசு அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. இப்போது அவை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன. இனி வரவே மாட்டானோ…?

மூன்றாம் நாள் அவனுடைய படிவத்தைப் புரட்டியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பிடும் மருந்துகளை எழுதும் இடம் காலி! கேட்டு எழுத வேண்டியவள் அவள்தான். அந்தச் சிரிப்பில் சொக்கிப்போய்க் கேட்க மறந்திருக்கிறாள்.

மழையில் நனைந்தபடி ஓடிப்போய் அவன் பஸ்ஸில் ஏறினாள். வண்டி இன்னும் கிளம்பவில்லை.

"போன வாரம் ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"பல்லு பிடுங்கினதுக்கு ஆன்டிபயாட்டிக்… அஞ்சு நாள். ஏன், அதுவும் பொய்யா?"

அதுதான்! மாத்திரை குடல் கிருமிகளைக் கொன்றுவிட்டது. இனிப்பை உடைக்க ஆளே இல்லை.

கௌரவம் தடுத்தது. பஸ் நிறைய ஜனம் வேறு… இருந்தாலும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"இவர் பொய் சொல்லலை. கேட்க வேண்டியதைக் கேட்காதது நான்தான். தப்பு என்னோடது… மன்னிச்சிடுங்க."

அவன் முகம் மெல்ல இளகியது.

"சரி விடுங்க… வயிறு சரியானதும் மறுபடி வந்து குடிக்கிறேன். வரலாமில்ல?"

"வேண்டாம். பட்டியல்லருந்து உங்க பேரை அடிச்சிட்டேன்."

"இன்னுமா கோபம்?"

அவள் தலை குனிந்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சோதனைக்கு வர்றவங்களை நாங்க காதலிக்கக் கூடாதுன்னு லேப்ல ஒரு விதி இருக்கு… அதான்."