ஆறாம் நம்பர் பாட்டில்

அந்த வாளியைக் கவிழ்த்தது நான்தான். பழியை வேறு யார் மேலாவது போடலாமென்றால், மேஜைக்கு அந்தப் பக்கம் என்னைத் தவிர ஆளில்லை.

சாதாரணத் தண்ணீர் வாளி என்றால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். இது ஒயின் கடை வாளி. ருசி பார்க்கிறவர்கள் ஒரு மடக்கை வாயில் சுழற்றிவிட்டுத் துப்புவதற்கென்று வைத்தது. புத்தாண்டின் முதல் சனிக்கிழமை, எங்கள் ஹெக்ஸம் ஊரின் கௌரவமான வாய்கள் மத்தியானத்திலிருந்து பதவிசாகத் துப்பியது அத்தனையும் அதில் இருந்தது. மழைக்கு ஒதுங்கிய நான், ஈரக் கோட்டைக் கழற்றக் கையை வீசினேன்... அவ்வளவுதான். சிவப்பும் வெள்ளையும் ஒன்றாய்க் கலந்து, மேஜையில் விரித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தின் மேல் பாய்ந்தது.

கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். மழையில் கலங்கி ஓடும்போது எங்கள் ஊர் டைன் ஆற்றுக்கு ஒரு பழுப்பு வருமே... அந்த நிறத்தில் இரண்டு கண்கள். அவற்றை நான் முதன்முதலில் பார்த்தபோது என் கால்சட்டையில் ஊராரின் எச்சில் சொட்டிக்கொண்டிருந்தது. காதலுக்கு இப்படி ஒரு முகூர்த்தம் யாருக்கும் வாய்த்திருக்காது.

"பரவாயில்லை," என்றாள். எங்கள் ஊரில் அதற்கு, செத்துத் தொலை என்று அர்த்தம்.

கைக்குட்டையால் ஒற்றினேன். மை இன்னும் பரவியது. பதினான்கு வருடமாகத் தான் விற்ற ஒவ்வொரு ஒயினின் வாசனையையும் அவள் எழுதி வைத்த நோட்டு அது. ஆனாலும், ஒரு நோட்டுக்காக மனுஷி இப்படி வெளிறிப்போவாளா?

தரையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அங்கேயே தங்கிவிட்டேன். நான் மூன்று கடை தள்ளிக் காது மெஷின் பொருத்துகிறவன். காது கேட்கிற மாதிரி நடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அவர்கள் கண் எப்போதும் எதிராளியின் உதட்டில் இருக்கும். இவளும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். கண் மட்டும் வாடிக்கையாளர் முகத்தில் இருந்தது. அவர் பேரிக்காய் வாசம் என்றால் இவளும் பேரிக்காய் என்றாள்.

எல்லோரும் போனபிறகு மெதுவாகக் கேட்டேன்.

"எப்போலேருந்து?"

"என்ன எப்போலேருந்து?"

"மூக்கு."

அவள் கையில் துடைப்பம் நின்றது.

"நவம்பர்," என்றாள். "ஒரு காய்ச்சல் வந்துச்சு. போறப்போ இதையும் எடுத்துட்டுப் போயிருச்சு."

திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதுவரை அந்த நோட்டுதான் அவளுக்கு மூக்கு. பதினைந்து நாளில் கடையின் பெரிய சனிக்கிழமை. மிச்சச் சரக்கையெல்லாம் தள்ளுபடியில் போட்டு, எல்லாவற்றிலும் ஒரு பாட்டில் திறந்து வைப்பாள். வருகிறவர்கள் ருசி பார்த்து வருடத்துக்கே வாங்கிப்போவார்கள். கடைக்காரிக்கு வாசனை தெரியாது என்று அன்றைக்கு வெளியே வந்தால், அப்புறம் எவர் வருவார்? சொந்தமாய் ஒற்றை ஆளாய் நடத்துகிற கடை. ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"நான் மோந்து பார்த்துச் சொல்றேன்," என்றேன். "ஒயின் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா மூக்கு பெருசு."

என் மூக்கை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "அது தெரியுது," என்றாள்.

அவள் பெயர் ஹெஸ்டர்.

தினமும் சாப்பாட்டு இடைவேளையில் போனேன். அவள் ஊற்றுவாள், நான் மோப்பேன். நூலகத்தில் காயப்போட்ட குடை என்பேன். அவள் புது நோட்டில் ஏதோ நாகரிகமாக எழுதிக்கொள்வாள். அத்தை வீட்டு அலமாரிக்குள் யாரோ ஆரஞ்சு உரித்திருக்கிறார்கள் என்பேன். 'ஆரஞ்சுத் தோல், பழைய மரம்' என்று எழுதுவாள். எழுதும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் ஞாபகம் வந்த மாதிரி திரும்பிப் போய்விடும்...

ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறல்.

"மழை வாசம் எப்படி இருக்கும், எட்மண்ட்? எனக்கு மறந்துக்கிட்டே வருது."

எதற்கும் ஒரு கிண்டல் கைவசம் வைத்திருக்கும் எனக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"கல்லு நனைஞ்ச வாசம்... கொஞ்சம் கரிப்புகை... அப்புறம், பக்கத்துல உங்க சோப்பு."

அவள் தலை குனிந்தது. காது மடல் சிவந்ததை நான் தொழில்முறையில் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கப் போகலாமா என்றேன். "பார்க்கலாம்," என்றாள். அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை கேட்டேன். இரண்டு பார்க்கலாம்.

பெரிய சனிக்கிழமை வந்தது. ஒயின் கெட்டிருந்தால் நான் டையைத் தொட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். ஐந்து பாட்டில் ஒழுங்காகப் போனது. ஆறாவது... கோப்பையைத் தூக்கியதுமே மூக்கில் அடித்தது, மழையில் ஊறிய அட்டைப்பெட்டி வாசம். கார்க் கெட்டால் ஒயினுக்கு வருகிற வாசம். முந்தின வாரம் வேறு பாட்டிலில் இதே ஒயின் ரோஜாவாக மணந்திருந்தது.

டையைத் தொட்டேன். அவள் மறுகோடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இழுத்தேன். தூக்கு மாட்டிக்கொள்ளாத குறை.

மிஸஸ் ஃபென்விக், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, ஒரு வாய் குடித்து முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். சுவாரசியமாக இருக்கிறது என்றார். கூட்டம் மொத்தமும் சுவாரசியம், சுவாரசியம் என்று தலையாட்டியது.

ஹெஸ்டர் மலர்ந்தாள். "எனக்கு இதுல ரோஜா தெரியுது," என்றாள்.

இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"குடிக்காதீங்க, கெட்டுப்போச்சு. அவங்களைத் தப்பா நினைக்காதீங்க, அவங்களுக்கு வாசனையே தெரியாது."

குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை மேஜையில் வைத்தார்கள்.

"நன்றி, எட்மண்ட்," என்றாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினாள். நான் தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியேறினேன்.

நான்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நாலிலும் என்னையறியாமல் ஒரு ஜோக் வந்துவிட்டது, கிழித்தேன். அவளும் கூப்பிடவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மூக்குதானே, நான் எதற்கு என்று ரோஷமாக இருக்கப் பார்த்தேன். ரோஷம் அரைமணி நேரம் தாங்கும். பிறகு எதிரிலிருந்த கறிக்கடைத் தாழ்வாரத்தில் போய், தலையில் மழை ஒழுக அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மாதக் கடைசியில் காது மெஷினுக்கு பேட்டரி மாற்ற மிஸஸ் ஃபென்விக் வந்தார். கிறிஸ்துமஸிலிருந்து ஹெஸ்டர் கடையில் வாங்கிய கெட்ட பாட்டில் மூன்றைத் தொட்டியில் ஊற்றியதாக, பாவமன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அவர் தெருவில் எல்லார் வீட்டிலும் அதே கதையாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிப்பா சொல்றது? அந்தப் பொண்ணு மனசு நோகாதா?" கைப்பையை மூடினார். "நீ சொன்னது அசிங்கந்தான். ஆனா யாராவது சொல்லியிருக்கணும். கதவுல போர்டு மாட்டியிருக்கா, போய்ப் பாரு."

அவர் கூடவே போனேன். அவள் கையெழுத்து, சாக்பீஸில்: 'கடைக்காரிக்கு மூக்கு வேலை செய்யவில்லை. கெட்ட பாட்டிலைத் தயவுசெய்து திருப்பிக் கொண்டு வாருங்கள்.'

உள்ளே சுவரோரமாகத் திரும்பி வந்த பாட்டில்கள் வரிசையாய் நின்றன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் கையோடு வேறு பாட்டில் வாங்கிப்போயிருந்தார்கள் என்பது காலியான அலமாரியில் தெரிந்தது. ஹெஸ்டர் மெலிந்திருந்தாள்.

"தொப்பிக்கா வந்தீங்க?"

"மன்னிப்புக் கேட்க. தொப்பி ரெண்டாவது."

"அன்னிக்கு உங்களைக் கொன்னிருப்பேன்," என்றாள். "நீங்க பொய் சொல்லலை. ஆனா அது நான் சொல்ல வேண்டியது, எட்மண்ட். நான், என் வாயால."

"ஆமா," என்றேன். ஜோக் எதுவும் சேர்க்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஒரு கோப்பையில் ஊற்றி என் பக்கம் தள்ளினாள். எடுத்து மோந்தேன். இன்னொரு முறை. ஒன்றுமே இல்லை, தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது.

"ஜலதோஷம்," என்றேன். "மழையில நின்னு நின்னு... சுத்தமா அடைச்சிருக்கு."

"கறிக்கடைகிட்டயா?"

பார்த்திருக்கிறாள்... மிஸஸ் ஃபென்விக் ஒரு லேபிளை வெகுகவனமாகப் படிக்கத் தொடங்கினார். புது பேட்டரி, ஒரு எழுத்து விடாமல் கேட்கும்.

கோப்பையைக் கீழே வைத்தேன். வாளியைக் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்துவிட்டே பேசினேன்.

"ஒண்ணு கேக்கறேன். பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்கு வேண்டியது மூக்குன்னா, அடுத்த வாரம் சரியானதும் அதை அனுப்பி வைக்கிறேன். இப்போ வந்திருக்கிறது வெறும் ஆளு. மோந்து பார்க்கத் தெரியாது, வாயும் சரியில்லை. இந்த ஆளு வேணுமா?"

ஜன்னலில் மழை கோடு கோடாக இறங்கியது. அவள் அதையே பார்த்தாள். கல், கரிப்புகை... ஒன்றும் அவளுக்கு எட்டியிருக்காது. அன்றைக்கு எனக்கும் எட்டவில்லை. பிறகு அந்தக் கலங்கிய பழுப்புக் கண்கள் என் பக்கம் திரும்பின. என் உதட்டைப் பார்க்கவில்லை, வேறு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வேணும்," என்றாள்.