பொட்டு வைத்த டிஸ்க்

"ஐயோ...!"

அலறியது பால் பாக்கெட் போட வந்தவர். பார்த்தது சக்கரபாணியின் பிணத்தை!

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி மூன்று மாடி லாட்ஜ் கட்டியவர். அதன் மொட்டை மாடியிலிருந்து தரைக்கு வந்திருந்தார். படிக்கட்டைப் பயன்படுத்தாமல்.

இன்ஸ்பெக்டர் அருணாதேவி ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் அக்கம்பக்கம் தீர்ப்பே எழுதிவிட்டது. மருமகள் அபிநயாதான்! காபி டம்ளரோடு மாடி ஏறியதைப் பார்த்திருக்கிறார்களாம். வேறென்ன சாட்சி வேண்டும்?

"நான் மேல போறப்பவே மாமா அங்க இல்ல மேடம்..." அபிநயா குலுங்கி அழுதாள். "மாடி கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கும். அத பாருங்க. இல்லன்னா என் புள்ளைங்க கதி இன்னா?"

"பார்த்துடலாம். பாஸ்வேர்டு?"

"கேமரா கம்பெனி அருண்பிரசாத்துகிட்டதான் இருக்கு."

வந்தான் அருண்பிரசாத். கஞ்சி போட்ட நீலச் சட்டை. அதைவிட விறைப்பாக ஒரு சோகம்.

ரிசப்ஷனுக்குப் பின்னால் சின்ன ஏ.சி. அறை. உள்ளே கேமராப் பதிவெல்லாம் சேரும் சர்வர். அதன் முகப்பில் வரிசையாக ஐந்து டிஸ்க். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் தடியாக அப்பியிருந்தன.

"மூணாவது டிஸ்க் போன வாரமே செத்துப்போச்சு மேடம். மொதல்ல அத மாத்திடணும். அப்பதான் பதிவுக்கு சேஃப்டி."

அபிநயா வாயைத் திறந்தாள். அருணாதேவியின் ஒரு பார்வை அதை மூடியது.

"மாத்தணும்னா மிஷின நிறுத்தணுமா தம்பி?"

"வேணவே வேணாம் மேடம்! ஓட ஓடவே உருவிட்டு, புதுச சொருகிடலாம். அஞ்சுல ஒண்ணு போனா மீதி நாலும் சமாளிச்சுக்கும்."

"ரெண்டு போனா?"

"எல்லாப் பதிவும் காலி!"

சொன்ன குரலில் கவலை கொஞ்சம் கம்மி.

கையை நீட்டினான்... டக்!

உருவியது மூன்றாவதை அல்ல. நான்காவதை!

"ஐயோ...! தப்பான டிஸ்க்க எடுத்துட்டேனே! பொட்டு வெச்சு லைட்ட மறைச்சுட்டாங்க மேடம். எது செகப்பு, எது பச்சைன்னே தெரியல. போச்சு... எல்லாம் போச்சு!"

தலையில் அடித்துக்கொண்டான். வலிக்காமல்.

"போச்சா? அப்ப இவங்கல்லாம் யாருப்பா?"

அருணாதேவி திரையைக் காட்டினாள்.

வாசல் கேமராவில் கிரிவலக் கூட்டம் ஜோராக நடந்துகொண்டிருந்தது. ஒருத்தர் நின்று சுண்டல்கூட வாங்கினார்.

அருண்பிரசாத்துக்கு வியர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எ... எப்படி?"

"மூணாவத முந்தாநாளே நான் மாத்திட்டேன்," என்றாள் அபிநயா. "மிஷின நிறுத்தாமதான். இப்ப போனது நாலாவது ஒண்ணுதான். புதுசுக்கும் பொட்டு வெச்சேன். பொட்டில்லாத மிஷின மாமா ஓட விடமாட்டாரு."

"நீ வர்றதுக்கு முன்னாடியே இவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க," என்றாள் அருணாதேவி. "கழட்டின டிஸ்க்க பெரியவரு வேங்கிக்கால் கம்ப்யூட்டர் கடையில காட்டியிருக்காரு. பழைய சரக்க தொடைச்சு புதுசுன்னு நீ தலையில கட்டினது தெரிஞ்சுபோச்சு. மீதிய நீ உருவின நாலாவது டிஸ்க்கே சொல்லிடுச்சு. இன்னிக்கு மாடிக்கு கூப்ட்டு கேட்டாரு. புதுசு மாத்தினத சொல்றதுக்குள்ள தள்ளிட்ட. இன்னா அவசரம் உனக்கு?"

"போலீஸுக்குப் போறேன்னாரு மேடம்... கோவத்துல ஒரே ஒரு தடவதான் தள்ளினேன்..."

"மூணு மாடிக்கு ஒரு தடவ போதும்பா. பாஸ்வேர்ட சொல்லு!"

சொன்னான்.

திரையில் மொட்டை மாடி விரிந்தது. கைப்பிடிச் சுவரோரம் சக்கரபாணி. எதிரே அதே கஞ்சி போட்ட நீலச் சட்டை!

அபிநயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது வந்த அழுகை மாமனாருக்காக மட்டும்.

அருண்பிரசாத்தின் கையில் விலங்கு ஏறியபோது அவனுடைய போன் அலறியது. கேமரா கம்பெனி முதலாளி. அருணாதேவி எடுத்தாள்.

"டேய் அருண், எங்கடா போய்த் தொலைஞ்ச? இங்க வேலை நிக்குது!"

"எதையும் நிறுத்தாதீங்க சார். கெட்டுப்போன ஒண்ண மட்டும் நான் கழட்டிட்டேன். நீங்க ஓட ஓடவே வேற ஆள மாட்டிக்கோங்க!"