பேருந்துப் பக்கத்துக்கு என்ன நிறம்?

“கோகுலு! மறுபடியும் ரெண்டு கட்டத்துக்கும் செவப்பையே வெச்சிருக்கற!”

ரஞ்சிதாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் இருவரும் பள்ளிப் பேருந்துகளுக்காக ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். நிற்கும் பேருந்துக்குப் பச்சைக் கட்டம், கிளம்பிவிட்டால் சிவப்புக் கட்டம். நாளை மாலை பள்ளி வாசலில் இருக்கும் பெரிய திரையில் அதைத் தலைமையாசிரியை தொடங்கி வைக்கிறார்.

“கம்ப்யூட்டருல பச்சை நிறத்துக்குன்னு இருக்கற எண்ணச் சொல்லு, டக்குனு அடிச்சுடறேன்,” என்றான் கோகுல்ராஜ்.

“பச்சைக்கு ரெண்டு சைபர், ஒரு எட்டு, மூணு சைபர். இதெல்லாம் எதுக்கு? திரையில அத்தன நிறமும் வரிசையா இருக்குது. பச்சையத் தொட்டா வேல முடிஞ்சுது. தொட்டா கை சுட்டுருமா?”

அவன் தொட்டான். மறுபடியும் சிவப்பு.

“வெளையாடறயாடா?”

கோகுல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது, ரஞ்சி. ஆருகிட்டயும் சொல்லிராத. கேலி பண்ணுவாங்க.”

ரஞ்சிதாவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் கத்தியதை நினைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள்.

“சரி, வேற நிறம் பாக்கலாம். ஊதாவும் நீலமும்?”

“ஒண்ணுதான்.”

“ரோசும் சாம்பலும்?”

“ஒண்ணுதான்.”

“ஆரஞ்சும் கிளிப்பச்சையும்?”

“அதுவும் ஒண்ணுதான்.”

“அட சாமி! உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு!” என்று அவள் தலையில் கை வைத்தாள். கோகுல்ராஜ் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கடைசியாகக் கருநீலத்தையும் மஞ்சளையும் வைத்தாள்.

“அட! இது தனித்தனியாத் தெரியுது!”

நீலக் கட்டத்துக்குள் ‘நிற்கிறது’ என்றும், மஞ்சள் கட்டத்துக்குள் ‘கிளம்பிவிட்டது’ என்றும் பெரிய எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் மாலை தலைமையாசிரியை திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “ஏன் ரஞ்சிதா, பச்சை, சிவப்புன்னுதானே சொன்னே?”

கோகுல்ராஜின் முகம் வெளிறியது.

“அது வந்துங்க டீச்சர்… செவப்பப் பாத்தா சிக்னல்னு நெனச்சு பஸ்சு நின்னுருமுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியையும் சிரித்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை.

கோகுல்ராஜ் திரையை அண்ணாந்து பார்த்தான். அவன் ஏற வேண்டிய நாமகிரிப்பேட்டைப் பேருந்து நீலக் கட்டத்தில் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரஞ்சிதாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஓடினான்.