கேட்காமல் போட்ட ஊசி

"யாரைக் கேட்டுடி எம் பொண்ணுக்கு ஊசி போட்ட?"

விடிந்ததும் விடியாததுமாக நீலாவதியின் குரல் ரப்பர் தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசை முழுக்கக் கேட்டது. ஏழு வயது செல்வி, முதல் நாள் போட்ட ஊசியால் கை வீங்கி, உடம்பு சுட, பாயில் முனகிக்கொண்டிருந்தாள்.

மயிலம்மாள் அடுப்பை விட்டு எழுந்தாள். புருசனை இழந்த நாத்தனார் நீலாவதி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து செல்வியை வளர்த்தவள் அவள்தான்.

"பக்கத்து லயத்துல ரெண்டு புள்ளைங்க மூளைக்காய்ச்சல்ல செத்துப்போச்சு அண்ணி. பெரியவங்களும் போட்டுக்கணும்னு தடுப்பூசி போட வந்த நர்ஸ் மிஸி சொன்னாங்க. உங்களையும் கூப்பிட்டேன்லா."

"ஊசி போட்ட மறுநாளே எம் புருசன் செத்தாரு. பெத்திருந்தா உனக்கு அந்தப் பயம் இருக்கும். மலடிக்கு என்ன தெரியும்..."

மயிலம்மாள் கணவனைப் பார்த்தாள். தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டும் அர்ச்சுனன் தலை நிமிராமல் சொன்னான்: "அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுடு. சண்டை வேணாம்."

"நான் தப்புப் பண்ணல. கேக்கமாட்டேன்."

இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு, கடைசி லயத்திலிருந்த அண்ணன் மாயாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். செல்வியின் காய்ச்சல் இரண்டே நாளில் விட்டது. ஆனாலும் யாரும் மயிலம்மாளைக் கூப்பிட வரவில்லை.

மூன்றாவது வாரம் செல்விதான் ஓடி வந்தாள். "அத்தை, அம்மா என்னென்னமோ உளறுறாங்க..."

மயிலம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். நீலாவதியின் கழுத்து கட்டைபோல் விறைத்திருந்தது. வெளிச்சம் பட்டாலே அலறினாள். கையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். மிஸி சொன்ன அத்தனை அறிகுறியும் இருந்தது.

"பூசாரிக்கு ஆளனுப்பியிருக்கேன்," என்றான் அர்ச்சுனன்.

"ஒரு உசுரு போற வரைக்கும் இப்படியே உக்காந்திருப்பீங்களா? லாரிய எடுங்க."

சிரம்பான் ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். வீட்டிலிருந்த எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவோடு ஒரே பாயில் படுத்த செல்விக்கு ஒன்றுமில்லை. "ஊசி போட்டது நல்லதாப் போச்சு," என்றார் அவர்.

எட்டாம் நாள் நீலாவதி எழுந்து உட்கார்ந்தாள். இடது காது கேட்கவில்லை.

"இந்தப் பக்கம் வா மயிலு... அன்னைக்கு நான் பேசினது..."

"எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல அண்ணி."

"தீர வேணாம். அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன். வீட்டுக்கு மட்டும் வந்துடு."

வாசலில் நின்ற அர்ச்சுனன், "மயிலு, நானும்..." என்று இழுத்தான்.

"இங்க கேக்காதடா," என்றாள் நீலாவதி. "ஏசினது லயத்துக்கே கேட்டுச்சு. மன்னிப்பையும் லயத்து நடுவுல நின்னு கேப்போம். முதல்ல நான், அப்புறம் நீ."

இத்தனை நாள் வராத அழுகை மயிலம்மாளுக்கு அப்போது வந்தது. நாத்தனாரின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள். நீலாவதி அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.