நாற்பத்தோராயிரம் டாலர் மரணம்

டெலிபோன் அலறியது!

1996 ஏப்ரல். திங்கட்கிழமை காலை. வரிக் கணக்குக் கொடுக்க இன்னும் எட்டே நாள்...

மாண்ட்ரியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மருந்துக் கடைக்கு மேல் மாடி ஆபீஸ். கணக்காளர் அனுசூயா இரண்டாவது காபியை வாய்க்குக் கொண்டுபோன நேரம்.

"பொன்ஷூர்..."

"அக்கா... என்னைச் சாக்காட்டிப் போட்டாங்கள்!"

காபி மேஜையில் கொட்டியது.

"யாரு பேசறது?"

"நகுலேஸ்வரன் அக்கா."

"யாரைக் கொன்னுட்டாங்க?"

"என்னைத்தான்!"

அனுசூயா ரிசீவரை உற்றுப் பார்த்தாள். சென்னையில் படித்து, மாண்ட்ரியலில் பதினைந்து வருடமாகக் கணக்குப் பார்க்கிறவள். செத்தவர்களின் கணக்கும் பார்த்திருக்கிறாள். ஆனால் செத்தவரே போன் பண்ணுவது இதுதான் முதல் தடவை!

"உடனே வாங்க. வர்ற... நிலைமையிலதானே இருக்கீங்க?"

வந்தான். நடந்தேதான் வந்தான். புரோசார்டில் மெத்தைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்த கோலம். தலைமுடியில் பஞ்சு.

இரண்டு கடிதங்களை மேஜையில் வைத்தான்.

முதலாவது, டொராண்டோவிலிருக்கும் தொழிற்சாலையின் ஹெட் ஆபீஸ் ஒரு வரி ஸ்லிப்போடு அனுப்பியது. அனுசூயா வாசித்தாள்.

"'அன்னாரின் குடும்பத்துக்கு எங்கள் அனுதாபங்கள். அவர் காலமானதால், கம்பெனி கொடுத்த வீட்டுக் கடனில் பாக்கி நாற்பத்தோராயிரம் டாலர் ரத்து செய்யப்படுகிறது...' அடேங்கப்பா!"

"கீழ வாசியுங்கோ."

"'ரத்தான தொகை அன்னாரின் வருமானமாக வரி ஸ்லிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது.' ஆக, செத்தும் வரி கட்டணும்!"

"அது கிடக்கட்டும் அக்கா. மற்றதைப் பாருங்கோ..." அடுத்த கடிதத்தை முன்னே தள்ளினான்.

இரண்டாவது, குடிவரவு அலுவலகத்தின் கடிதம். நகுலேஸ்வரன் வேலையில் இருக்கிறானா என்று ஹெட் ஆபீஸைக் கேட்டிருக்கிறார்கள். 'இறந்துவிட்டார்' என்று பதில் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால், கொழும்பில் காத்திருக்கும் மனைவி துஷாந்தினியைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் ஃபைல் மூடப்படும்!

"அஞ்சு வருசம் அக்கா! அஞ்சு வருசமாய் அவளின்ரை குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறன்..."

நாலே நாள். அனுசூயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க செத்ததா யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்க வீட்டில கூட யார் இருக்கா?"

"அல்பேட். பேஸ்மென்டில வாடகைக்கு இருக்கிறான். என்ரை தொழிற்சாலைதான். ஒரே பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்."

"வாடகை ஒழுங்கா தர்றாரா?"

நகுலேஸ்வரன் தலைமுடியிலிருந்த பஞ்சைப் பிய்த்தான்.

"ம்ம்ம்..." என்றாள் அனுசூயா.

டொராண்டோவுக்குப் போன் போட்டாள். உங்களிடம் இருக்கும் ஆதாரத்தை இப்போதே ஃபேக்ஸில் அனுப்புங்கள்!

ஃபேக்ஸ் மெஷின் முனகியது. ஒரு பக்கம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பிரெஞ்சில் கையால் எழுதிய கடிதம், பாதி வரிகள் மங்கல். அத்தோடு பேப்பர் தீர்ந்துபோனது! புது ரோல் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

"'மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது... ஆகஸ்ட் மாதம் காலமாகிவிட்டார்... அத்தாட்சி இணைத்திருக்கிறேன்...'" அனுசூயாவின் விரல் கையெழுத்தில் வந்து நின்றது.

அல்பேட்!

"துரோகி..." நகுலேஸ்வரன் பல்லைக் கடித்தான். "ஒரே கோப்பையில சாப்பிட்டவன் அக்கா!"

"அவரை வரச் சொல்லுங்க. விஷயத்தைச் சொல்லாதீங்க."

ஒரு மணி நேரத்தில் அல்பேட் வந்து சேர்ந்தான். தூக்கக் கலக்கம். கையில் ஒரு பெட்டி டோனட். அனுசூயா அதற்குள் பேப்பர் ரோல் வாங்கி மெஷினில் மாட்டி, மீதிப் பக்கத்தை மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தாள்.

"இதை எழுதினது நீங்களா?"

அல்பேட் கடிதத்தைப் பார்த்தான்.

"ஓம். நான்தான்."

அவ்வளவுதான்! நகுலேஸ்வரன் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தான்.

"ஏன்டா என்னைச் சாக்காட்டினனீ? வீட்டுக்கு ஆசைப்பட்டியோ?"

"விடடா விசரா! எழுதித் தா எண்டு கேட்டதே நீதானே!"

கீ... கீ... கீ...

ஃபேக்ஸ் மெஷின் மறுபடி முனகியது. இரண்டாவது பக்கம்! மூவரும் குனிந்தார்கள்.

மரணச் சான்றிதழ். கொழும்பு. வயது எழுபத்து நான்கு. பெயர், உருத்திரமூர்த்தி.

நகுலேஸ்வரனின் பிடி தளர்ந்தது.

"இது... இது அப்பான்ரை!"

"பின்னை? கொப்பர் செத்ததுக்கு மூண்டு நாள் லீவு வேணும், பிரெஞ்சில எழுதிக் கையெழுத்தும் வைச்சுத் தா எண்டு நீதானே வந்து அழுதனீ?"

ஓம். அழுதான். கொள்ளி வைக்கப் போக முடியாத பிள்ளை, அந்த மூன்று நாளும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அனுசூயா வரி ஸ்லிப்பை மறுபடி எடுத்தாள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"தொழிற்சாலையில உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"மிஸ்யூ உருத்திரமூர்த்தி..."

"அதான்! கனடாவுக்கு வந்ததும் அப்பா பேரைக் குடும்பப் பேர்னு எழுதிக் கொடுத்தீங்க. அப்புறம் அந்தப் பேர்லயே மரணச் சான்றிதழும் அனுப்பினீங்க. பிரெஞ்சு தெரியாத டொராண்டோக்காரன் அந்தப் பேர்ல இருந்த ஃபைலைத் திறந்தான், ஆளைச் சாகடிச்சான்! நகுலேஸ்வரன்... உங்களைக் கொன்னது நீங்களேதான்!"

"கடவுளே..."

"லீவு கிடைச்சுதா?"

"ஓம். சம்பளத்தோட."

"செத்தவருக்கு மூணே நாள்தானா! கறாரான கம்பெனி!"

அல்பேட் ஒரு டோனட்டைக் கடித்தபடி யோசித்தான்.

"மச்சான்... நாப்பத்தோராயிரமடா! கொஞ்சக் காலம் செத்தே இரன்!"

"என் ஆபீஸ்ல அந்தப் பேச்சே கூடாது!" என்றாள் அனுசூயா. "ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நகுலேஸ்வரன். நீங்க உயிரோட வந்தா கடனும் உயிரோட வரும். இன்னும் பதினோரு வருஷம் கட்டணும்."

நகுலேஸ்வரன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"வரட்டும் அக்கா. அவள் வந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்!"

அனுசூயாவுக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போயிற்று. டொராண்டோவைக் கூப்பிட்டாள்.

"அவர் உயிரோடு இருப்பதற்கு என்ன ஆதாரம்?" என்றது அங்கிருந்த பெண் குரல், இங்கிலீஷில்.

"இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு உங்கள் தொழிற்சாலையில் கார்டு அடித்துவிட்டு வந்திருக்கிறார். செத்த பிறகு எட்டு மாதமாகச் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், மேடம்!"

மறுமுனையில் ஒரு இருமல்.

வேலை பறந்தது! பழைய ஸ்லிப் ரத்து. திருத்திய ஸ்லிப் ஒன்று ஒட்டாவாவின் மத்திய வரி அலுவலகத்துக்கு, ஒன்று கியூபெக் மாகாண வரி அலுவலகத்துக்கு. ஹெட் ஆபீஸின் மன்னிப்புக் கடிதம் குடிவரவு அலுவலகத்துக்கு. வியாழன் மாலை நாலு மணிக்குப் பதில் வந்தது. ஸ்பொன்சர் ஃபைல் மறுபடி திறந்தாயிற்று!

நகுலேஸ்வரன் அனுசூயாவின் ஆபீஸிலிருந்தே கொழும்புக்குப் போன் போட்டான். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். செத்தது, பிழைத்தது, நாற்பத்தோராயிரத்தை வேண்டாம் என்றது...

"உனக்காகத்தானப்பா!" என்று முடித்தான், கண் கலங்கி.

மறுமுனையில் துஷாந்தினி விசும்பினாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ... நான் அங்க வந்து சேர்ந்த பிறகு, இன்னொருக்காச் செத்துப் பாருங்கோவன்!"